பெங்களூரில் ஒரு திருநங்கைச் செயற்பாட்டாளரின் அன்றாடம்

சமூகப்பணியில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது: "பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினருக்காக வேலை செய்யும் ஒரு செயற்பாட்டாளரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? பேரணியும் தொலைக்காட்சி விவாதமும் போக மற்ற நாள்களில் என்ன செய்கிறார்கள்? எதைக் கொண்டு பிழைக்கிறார்கள்? என் களப்பயிற்சிக்கு இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கலாமா?"

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செயற்பாட்டாளன் அல்லன். அல்சூரில் பிறந்து வளர்ந்து, மேயோ ஹால் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு நோட்டரியிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சராக இருந்தவன். பெயர் மாற்றத்துக்கான உறுதிமொழிப் பத்திரம் அடித்துத் தரக் கேட்டு வந்த ஒரு திருநங்கையின் வழியாக இந்த உலகம் எனக்குப் பழக்கமாயிற்று. பிறகு மாலை வேளைகளில் அவர்களுடைய அலுவலகத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்தேன். அந்தத் திருநங்கையை அந்த வட்டாரத்தில் எல்லோரும் அக்கா என்றே அழைப்பார்கள். இங்கேயும் அவர் அக்காவாகவே இருக்கட்டும். பெயரைப் போட்டால், ஊரில் உள்ள தம்பியின் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது எதற்கு என்று அவரே என்னைக் கடிந்துகொள்வார்.

தமிழில் "இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் உறவுமுறையைக் கேட்கிறோம். கன்னடத்திலும் அப்படியேதான்: "இவரு நிமகே ஏனாகபேக்கு?" அக்காவோடு நான் போன இடங்களில் எல்லாம், அதாவது காவல் நிலையத்தில், அரசு மருத்துவமனையில், வாடகைக்கு வீடு பார்க்கும்போது, தாசில்தார் அலுவலகத்தில், பிணவறை வாசலில், முதலில் வந்து விழுந்த கேள்வி இதுவாகவே இருந்தது. அடிபட்டுக் கிடப்பவள் அவருக்குச் சேலா, அதாவது அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட மகள், அல்லது சேலாவின் சேலா, அல்லது நேற்றுவரை முகம் தெரியாத ஒரு பிள்ளை. இவற்றில் எதற்கும் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கிடையாது. நீங்கள் கேட்ட வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அந்தக் கேள்விக்கு அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் ஒரு பதிலைத் தேடி அலைவது என்றுதான் நான் சொல்வேன். பேரணியும் வழக்கும் அந்த அலைச்சலிலிருந்து பிறந்தவை.

அக்கா தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் இரயிலேறி வந்தவர். கன்டோன்மென்ட் பகுதியில் அப்போது ஹமாம்கள் இருந்தன. விறகு எரித்துக் கொப்பரையில் வெந்நீர் காய்ச்சி, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிற ஆண்களிடம் காசு வாங்கும் பழைய குளியல் கூடங்கள் அவை; அவற்றை நடத்தியவர்கள் திருநங்கைகள். பின்கட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள், அங்கேயே பாலியல் தொழிலும் நடந்தது. மும்பையில் கடை கேட்பதும், அதாவது கடைகடையாகப் போய்க் காசு கேட்பதும், பிறந்த குழந்தையை வாழ்த்திப் பணம் வாங்குவதும் எப்படியோ, பெங்களூரில் ஹமாம் அப்படி. நிலத்தின் விலை ஏறியதில் இன்று அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஹமாமின் பேச்சுமொழியாகத் தமிழ் ஓங்கி நின்றதற்குக் காரணம் எளியது: சேலம், தருமபுரி, வேலூர் மாவட்டங்களிலிருந்து ஓடிவரும் பிள்ளைக்கு, ஊரார் கண்ணில் படாத அளவுக்குத் தூரமாகவும் திக்குத் தெரியாமல் போகாத அளவுக்குப் பக்கமாகவும் இருந்த பெருநகரம் இதுதான். ஆனால் சடங்குச் சொற்கள் வடக்கிலிருந்து வந்தவை. மூத்தவரைக் கண்டால் "பாம்படுத்தி" என்று பணிய வேண்டும், அவர் "ஜீயோ" என்று வாழ்த்துவார். குருவின் குரு நானி. அறுவைக்கு நிர்வாணம் என்று பெயர். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிச் சடங்கு செய்வார்கள். சித்திரையில் கூவாகத்துக்குப் பேருந்து ஏறும்போது மட்டும் மறுபடியும் முழுக்கத் தமிழாகிவிடும்.

ஜமாத் என்ற இந்தக் குரு-சேலா அமைப்பை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒன்று கொத்தடிமைத்தனம் என்பார்கள், அல்லது தாய்வீடு என்று உருகுவார்கள். அக்கா இரண்டையும் ஒப்புக்கொள்ளமாட்டார். குருவுக்குச் சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்க வேண்டும்; விதியை மீறினால் பஞ்சாயத்து கூடும், அபராதம் கட்ட வேண்டும்; வேறு குருவிடம் போவதென்றால் பழைய குருவுக்குப் பணம் வைக்க வேண்டும். மறுபுறம், பெற்ற தகப்பன் சூடு போட்டுத் துரத்திய பிள்ளைக்கு அன்றிரவே சோறும் பாயும் கொடுத்து, "இவள் என் மகள்" என்று நாலு பேர் முன்னால் சொன்ன ஒரே இடமும் அதுதான். "என்ன வேண்டும்" என்ற கேள்விக்கு ஜமாத்திடம் உடனடிப் பதில் இருக்கிறது. அந்தப் பதில் ஜமாத்துக்கு வெளியே செல்லுபடியாகாது என்பதில்தான் ஒரு செயற்பாட்டாளரின் வேலை தொடங்குகிறது.

1999இல் பெங்களூரில் சங்கமா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஆவணங்களும் நூல்களும் சேர்த்து வைக்கும் மையமாகத் தொடங்கி, மிக விரைவில் ஹமாம்களிலும் தெருக்களிலும் வாழ்ந்த திருநங்கைகள், பெண்மைச் சாயலோடு வாழும் ஆண்களான கோத்திகள் ஆகியோரின் அலுவலகமாக அது மாறியது. அதற்கு முன்பே, 1994 முதல், குட் ஆஸ் யூ என்ற ஆதரவுக் குழு வாரந்தோறும் கூடிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே ஆங்கிலம் அறிந்த நடுத்தர வர்க்கத்து ஆண்களே பெரும்பாலும் வந்தார்கள். மாநகரப் பேருந்தில் வரும் தமிழ்க் கோத்திக்கு அந்த அறையில் வாய் திறக்க முடியாது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, டில்லியிலும் மும்பையிலும் ஜமாத் வாழ்க்கை வாழ்ந்து, பெங்களூர் ஹமாமுக்கு வந்து சேர்ந்த ஏ. ரேவதி சங்கமாவில் வேலைக்குச் சேர்ந்ததை ஒரு திருப்பம் என்றே நான் கருதுகிறேன். தலைமைப் பொறுப்புவரை உயர்ந்த அவர் தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். 2010இல் அது முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் வெளிவந்தது. தமிழில் எழுதிய ஒரு வாழ்க்கை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வந்தது, அவருக்கு நேர்ந்த மற்ற எல்லாச் சுற்றுப்பாதைகளையும் போலவே.

அக்காவும் சில ஆண்டுகள் கழித்து இதே போன்ற ஓர் அலுவலகத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தார். சேருவதற்குக் குருவின் அனுமதி வேண்டும். "அங்கே என்ன தருவார்கள்?" என்று குரு கேட்டார், தொகையைச் சொன்னதும் சிரித்துவிட்டார், ஏனென்றால் கடை கேட்பதில் கிடைத்ததில் பாதிகூட அது இல்லை. ஆறு மாதம் கழித்து, நள்ளிரவில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட அதே குருவின் மற்றொரு சேலாவை அக்கா விடியுமுன் அழைத்துவந்தபோது, அந்தச் சிரிப்பு நின்றது. அன்றுமுதல் சம்பளத்தில் பங்கு வேண்டாம் என்று குருவே சொல்லிவிட்டார்.

இரவு அழைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாழ்க்கையின் உடல்நலத்தையும் உறக்கத்தையும் தின்றது அதுதான். ஹொய்சளா என்ற காவல் ரோந்து வண்டி வந்து நின்றால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாலையோரத்தில் நிற்கும் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். பொது இடத்தில் தொல்லை கொடுத்ததாகப் பெட்டி கேஸ் எழுதுவார்கள். அபராதம் என்ற பெயரில் கைக்காசு போகும். எழுதாமலும் காசு போவதுண்டு. பெயர் கேட்பார்கள், பிறகு "உண்மையான பெயர்" கேட்பார்கள், பிறகு தகப்பன் பெயர். ஆண் கைதி அறையா பெண் கைதி அறையா என்ற சந்தேகம் வரும்போது, அதைத் தீர்ப்பதாகச் சொல்லி நடக்கும் சோதனையைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2003இல் வெளியிட்ட அறிக்கையில் அவை பாதிக்கப்பட்டவர்களின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கின்றன. அக்கா நிலையத்துக்குள் நுழைந்தவுடன் எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "ஏனாகபேக்கு?" தொடக்க ஆண்டுகளில் "அக்கா" என்று சொல்லிப் பார்த்தார், சிரித்தார்கள். "அம்மா" என்று சொல்லிப் பார்த்தார், அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு ஒரு வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தார்: 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த கட்டளைகளின்படி, கைதானவரின் நண்பருக்கோ, உறவினருக்கோ, அவருடைய நலனில் அக்கறை கொண்ட வேறொருவருக்கோ கைது பற்றித் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பக்கத்தை நான் கன்னடத்தில் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அக்காவின் பதில் மாறவே இல்லை: "இவள் நலனில் அக்கறை உள்ளவள்." சட்டப் புத்தகத்தில் இத்தனை அழகான ஓர் உறவுமுறை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்தர்களுக்கு அது பிடிபடவில்லை என்றாலும், உறையிட்ட தாளுக்கு ஒரு மரியாதை இருந்தது.

காவலரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சட்டமே துணை நின்றது. கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் 36ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குழந்தைகளைக் கடத்துபவர்கள் என்றோ இயற்கைக்கு மாறான குற்றங்களைச் செய்பவர்கள் என்றோ சந்தேகிக்கப்படும் திருநங்கைகளின் பெயர், முகவரிப் பதிவேடு வைத்துக் கண்காணிக்கும் அதிகாரம் அதில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்த பதிவேட்டை, விடுதலை பெற்று அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்து எழுதியது போலத்தான். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு, அவர்களைக் குறித்த இழிசொல்லை எடுத்துவிட்டு "நபர்" என்று பொதுப்படையாக மாற்றியது அரசு. இன்னொரு கருவி, 1975ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம். மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் ஏற்ற தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கின் தீர்ப்பு 2014 ஏப்ரல் 15 அன்று வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பெங்களூரில் நூற்றுக்கும் மேற்பட்ட திருநங்கைகளை ஒரே வீச்சில் பிடித்துப் பிச்சைக்காரர் மையத்தில் அடைத்தார்கள். கடைக்குப் பால் வாங்கப் போனவரும் அதில் இருந்தார். எட்டு மாதத்துக்குள் தீர்ப்பு எந்த அளவுக்குத் தெருவுக்கு இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

இனி, என் தொழிலான காகிதங்களுக்கு வருகிறேன். இது களப்பயிற்சிக்கு வருபவர்கள் யாரும் எதிர்பார்க்காத பகுதி. ஒரு செயற்பாட்டாளரின் பகற்பொழுதில் பாதிக்கு மேல் இதுதான். அக்காவிடம் வருபவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆதார் இருந்தால் அதில் ஊர் முகவரியும், ஆண் பெயரும், மீசை அரும்பிய ஒரு புகைப்படமும் இருக்கும். தமிழ்நாட்டில் 2008லேயே நல வாரியம் அமைத்தார்கள், அட்டை கொடுத்தார்கள். ஓசூர் தாண்டினால் அந்த அட்டையால் இங்கே எதுவும் கிடைக்காது. கர்நாடகத்தில் மைத்ரி என்ற பெயரில் மாத உதவித்தொகை உண்டு, அதற்கு இங்கே குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கலாம், உடற்சோதனை கூடாது என்று 2020ஆம் ஆண்டின் விதிகள் சொல்லின. ஆனால் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் கேட்டன. குடியிருப்பதை எதைக் கொண்டு காட்டுவது? வீட்டு உரிமையாளர் வாடகையை இரண்டு மடங்காக வாங்கிக்கொள்வார், ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திடமாட்டார். ஒருவர் முன்பணத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, "எழுத்தில் எதற்கம்மா, நம்பிக்கை இல்லையா?" என்று எங்களையே கேட்டார்.

2023 ஜூனில் கர்நாடக அரசு சக்தித் திட்டத்தில் பெண்களோடு திருநங்கையருக்கும் அரசுப் பேருந்தில் இலவசப் பயணம் அறிவித்தபோது அலுவலகத்தில் இனிப்பு வழங்கினோம். அடுத்த வாரமே புகார்கள் வந்தன. கர்நாடக முகவரி உள்ள அட்டை வேண்டும்; அட்டையில் பெண் என்றோ திருநங்கை என்றோ இருக்க வேண்டும்; அட்டையில் ஆண் என்றும் ஆளைப் பார்த்தால் பெண் என்றும் இருந்தால் நடத்துநர் என்ன செய்வார்? நல்ல நடத்துநர்கள் பேசாமல் பூஜ்யக் கட்டணச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள், மற்றவர்கள் பேருந்து முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்கள். அந்த விசாரணைக்குப் பயந்து காசு கொடுத்தே சீட்டு வாங்குபவர்கள் இன்றும் உண்டு. அக்கா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஐந்தாறு பேரை வரிசையாக உட்காரவைத்து, முதலில் வங்கிக் கணக்கா, முதலில் ஆதார் திருத்தமா, முதலில் சான்றிதழா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரிசை போட்டுக் கொடுப்பார். எதை முதலில் எடுப்பது என்று தெரிவதே இந்தத் துறையின் உண்மையான அறிவு. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

பிழைப்பைக் கேட்டிருந்தீர்கள். 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை ஆவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, கர்நாடகம் அதன் ஆறு மாநிலங்களில் ஒன்று. திடீரென்று அலுவலகங்கள், மேசைகள், பதவிப் பெயர்கள் எல்லாம் வந்தன. பல கோத்திகளும் திருநங்கைகளும் வாழ்க்கையில் முதன்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். அதன் மறுபக்கம், எத்தனை ஆணுறை, எத்தனை இரத்தப் பரிசோதனை என்று எண்ணிக்கை கொடுப்பதே வேலையாகிப் போனது. அடிபட்டவளை அழைத்துவந்ததற்கு அறிக்கையில் பத்தி இருக்கவில்லை. பிறகு அந்தத் திட்டம் அரசுக்குக் கைமாறியது, சம்பளம் சுருங்கியது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார்கள். பெரிய நிறுவனத்திடமிருந்து துணை மானியம் பெற்றே நடந்த சிறு சமுதாய அமைப்புகளுக்கு இது மரண அடி. களப்பணியாளரின் சம்பளம் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்று தணிக்கையாளரோடு நான் வாதாடிய மாலைகள் பல. அக்கா இன்று ஓர் ஆராய்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளர், ஒரு கல்லூரிப் பயிலரங்குக்குப் பேச்சாளர், இடையில் ஊறுகாய் போட்டு விற்பவர் என்று மூன்று நான்காகப் பிரித்துச் சம்பாதிக்கிறார். விருதுகள் வேண்டுமானால் உண்டு: பாலியல் சிறுபான்மையினருக்கான ஒண்டெடெ அமைப்பை நிறுவிய திருநங்கை அக்கை பத்மசாலிக்கு 2015இல் கர்நாடக அரசின் ராஜ்யோத்சவ விருது கிடைத்தது. அந்தக் கௌரவம் மிகப் பெரியது. பெரும்பாலோரின் மாதக் கடைசி அதனால் மாறவில்லை.

திருநங்கைகளைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அக்காவின் கைப்பேசியில் வரும் அழைப்புகளில் மற்றவர்களும் உண்டு. திருமணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள ஆண், கப்பன் பார்க்கில் யாரோ படம் எடுத்துவைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று அழுதுகொண்டு பேசுவார். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இருந்த நாள்களில் அது நீதிமன்றத்துக்குப் போனதைவிட மிரட்டலுக்குப் பயன்பட்டதே அதிகம். 2009 ஜூலை 2 அன்று டில்லி உயர் நீதிமன்றம் அதன் கூர்மையை எடுத்தது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த எங்கள் அல்சூர்த் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது அடுத்த மாதம், ஆகையால் அந்த ஆண்டு எனக்கு மறக்காது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடியும் உயிர்ப்பித்தது, 2018 செப்டம்பர் 6 அன்று தானே திருத்திக்கொண்டது. அந்தச் செப்டம்பர் காலையில் ஊரெங்கும் வண்ணப் பொடி பறந்தபோது, அக்கா ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்று செவிலியரோடு பேசிக்கொண்டிருந்தார். படிவத்தில் கேட்டிருந்தது என்னவென்று நீங்களே ஊகிக்கலாம்.

மிகக் கடினமானவை பெண் இணைகளின் அழைப்புகள். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இளம்பெண்கள் பெங்களூருக்கு ஓடிவருவார்கள். மூன்றாம் நாள், மகளைக் காணவில்லை என்ற புகாரோடு ஊர்க் காவலரும் தாய்மாமனும் வந்து நிற்பார்கள். இங்கே அக்காவுக்குக் கைகொடுப்பது அவருடைய தமிழ். கொங்குப் பேச்சில் தாய்மாமனோடு சரிக்குச் சரியாகப் பேசி, தேநீர் வாங்கிக் கொடுத்து, வழக்கறிஞர் வந்து சேரும்வரை நேரத்தைக் கடத்துவார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, வயதுவந்த இணைகளைக் காணாமற்போனவர் புகாரை வைத்துத் துன்புறுத்தக் கூடாது என்று காவல்துறைக்குச் சொன்னது. தம் முன்முடிவுகளை நீக்கிக்கொள்ள மனநல ஆலோசகரிடம் தாமே அமர்வுக்குச் சென்றதாக அந்த நீதிபதி உத்தரவிலேயே எழுதினார். 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்த பிறகும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டு உத்தரவுகளின் நகலும் அக்காவின் பையில், உறையிட்ட பழைய தாளுக்கு அடுத்தபடியாக இருக்கின்றன.

இந்த அழைப்புகளால் ஆளே கரைந்துபோவதும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2004இல், பெங்களூரில் எல்லோரும் எதிர்பார்ப்போடு பார்த்த இளம் செயற்பாட்டாளர் ஃபமிலா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வீட்டில் எந்நேரமும் யாராவது அடைக்கலம் புகுந்திருப்பார்கள் என்று அக்கா சொல்வார். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் வேண்டும் என்பதைச் சமுதாயம் அப்போதுதான் பேசத் தொடங்கியது. இன்னும் போதுமான அளவுக்குப் பேசவில்லை என்பது என் கருத்து. அக்கா இப்போது இரவு பதினொன்றுக்குமேல் கைப்பேசியை இரண்டு சேலாக்களிடம் முறைவைத்துக் கொடுக்கிறார். அதற்கு அவருக்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

சாவில்தான் காகிதம் மிகக் கொடுமையாக நடந்துகொள்ளும். சாலை விபத்தில் ஒரு திருநங்கை இறந்தால், உடலைப் பெற இரத்த உறவினர் வர வேண்டும் என்பார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டமே குடும்பம் என்பதற்கு இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து என்ற மூன்று வழிகளைத்தான் வரையறையில் எழுதியது. குருவுக்கும் சேலாவுக்கும் அதில் இடமில்லை. ஆகவே அக்கா பிணவறை வாசலில் உட்கார்ந்து, பதினைந்து ஆண்டுகளாகத் தொடர்பில்லாத ஒரு குடும்பத்தை ஊர்த் தேநீர்க் கடைக்காரர் வழியாகத் தேடிப் பிடிப்பார். வருபவர்களில் சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். சிலர் முடியை வெட்டி, வேட்டி கட்டி, ஆண்பிள்ளையாக அடக்கம் செய்வோம் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். ஒருமுறை ஒரு கிழவி, தகப்பனும் அண்ணனும் தடுத்தும் கேளாமல், கைப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். எப்போதாவது திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்திருந்தது என்றார்.

களப்பயிற்சியைப் பற்றி: தாராளமாக வாருங்கள். கேள்விப் பட்டியலோடு வந்து பேட்டி எடுப்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர் வந்துபோய்விட்டார்கள், ஆகையால் அது வேண்டாம். கன்னடத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். தெரியாவிட்டால் நகல் எடுக்கும் கடைக்குப் போய்வர ஆள் தேவைப்படுகிறது. இரவு அழைப்புகளுக்கு முதல் ஆறு மாதம் யாரையும் அழைத்துப்போவதில்லை.

சென்ற ஆண்டு அக்கா உயில் எழுதினார். ஓசூருக்கு அப்பால் ஓர் எட்டுச் சதுரம் வீடு இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது. தான் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், இரண்டு சாட்சி போதும், வாங்குபவர் என்ன உறவு என்று சட்டம் கேட்பதில்லை என்று நான் விளக்கினேன். அவர் நெடுநேரம் நம்பவில்லை, மறுபடியும் மறுபடியும், "ஒண்ணுமே கேக்கமாட்டாங்களா?" என்றார். நானே தட்டச்சு செய்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை வைக்கும்போது மட்டும் எழுத்தர் வீட்டைப் பெறப்போகும் சேலாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழக்கத்தின் காரணமாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் உயிலின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, சேலாவின் பெயருக்கு முன்னால் அடித்திருந்த "என் மகள்" என்ற சொற்களின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.